குழாய் இல்லை, கழிப்பறை இல்லை: மலையில் ராத்தங்கப் போகிறவர்களுக்கு

வசதியுள்ள முகாமில் கட்டணம் கட்டும்போது எதற்குக் கட்டுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. சமப்படுத்திய தரை, குழாய்த் தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி, ராத்திரியில் ஏதாவது ஆனால் போய்த் தட்ட ஒரு கதவு. மலையில் காசில்லாமல் தங்குகிற இடத்தில் இந்த ஐந்தும் கிடையாது. சிலவற்றைச் சுமந்து போகலாம், சிலவற்றை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம். தரையை மட்டும் சுமக்க முடியாது, தேடித்தான் ஆக வேண்டும். தேடுவதற்கு வெளிச்சம் வேண்டும்.

அதனால்தான் எந்த டென்ட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. வெளிச்சம் போக மூன்று மணி நேரம் இருக்கும்போது சேர்ந்துவிட்டால் சாதாரண டென்டிலும் நன்றாகத் தூங்கலாம். இருட்டிய பிறகு சேர்ந்தால் எவ்வளவு உசத்தியான டென்டையும் ஏதாவது ஒரு சரிவில், ஏதாவது ஒரு வேரின் மேல்தான் அடிப்பீர்கள்.

போனில் காட்டும் சூரிய அஸ்தமன நேரத்தை நம்பக் கூடாது. அது தட்டையான அடிவானத்துக்கான கணக்கு. மேற்கே உயரமான முகடு இருக்கிற பள்ளத்தாக்கில் வெயில் அதற்கு ஒரு மணி, சில இடங்களில் இரண்டு மணி முன்பே போய்விடும். வெயில் போன பத்தாவது நிமிடம் குளிர் தெரியும். கையை நேராக நீட்டி விரல்களைப் படுக்கை வசத்தில் வைத்து, முகட்டின் விளிம்புக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். நாலு விரல்தான் மிச்சம் என்றால் இன்னும் நல்ல இடம் இருக்கும் என்று மேலே ஏறுவதை நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதில் நல்லதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இலவசம் என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தமில்லை. நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளி நிலத்தில் யாரும் கூடாரம் போடலாம் என்கிறது. ஆனால் ஆள் இருக்கிற வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் பொதுவாக நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் வழக்கமான வரம்பு 14 நாள், ஆனால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி உத்தரவு உண்டு. வேறு பல இடங்களில் காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ அனுமதிச் சீட்டு இல்லாமல் கால் வைப்பதே குற்றம். போவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும்: இங்கே ராத்தங்கலாமா, நெருப்புக்குத் தடை இருக்கிறதா, இப்போது எந்த விலங்கு நடமாடுகிறது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல சமயம் முதல் இரண்டையும் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

இடம் பார்ப்பது

வழக்கமான தவறு, ஓடைக்கரையில் பச்சைப் புல்லோடு இருக்கும் சமதரையைப் பார்த்ததும் பையை இறக்கிவிடுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவுகளில் வழிந்து வந்து பள்ளத்தாக்கின் அடியில் குளம் மாதிரி தேங்கும். அதே பள்ளத்தாக்கில் இருபது முப்பது மீட்டர் மேலே, சரிவின் நடுவே திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் சில டிகிரி கூடுதல் வெப்பம் இருக்கும். ஓடை ஓரத்து டென்டின் உள்பக்கம் விடிகாலையில் நனைந்து சொட்டுவதற்கும் இந்தத் தேக்கம்தான் காரணம். முகட்டின் உச்சிக்குப் போனால் காற்று, இடி. அதனால் தேட வேண்டியது இரண்டுக்கும் நடுவில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று வராத பக்கம். ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். பெரியவர் நடையில் சுமார் 80 காலடி வைத்தால் அந்தத் தூரம் வரும். தண்ணீரைக் கெடுக்காமல் இருப்பது ஒரு காரணம், ராத்திரி தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்கு வழி விடுவது இன்னொன்று.

இடம் பிடித்துவிட்டால் மூன்று திசையில் பார்க்க வேண்டும்.

முதலில் மேலே. பட்டுப்போன மரம், பாதி ஒடிந்து தொங்கும் கிளை, பட்டை உரிந்து வெளுத்த கொம்பு எதுவும் டென்டுக்கு நேர்மேலே இருக்கக் கூடாது. காற்றே இல்லாத ராத்திரியிலும் கிளை விழும். பட்ட மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும். பாறைச் சரிவுக்கு அடியில் என்றால் கீழே கிடக்கும் கற்களைப் பாருங்கள். பாசி படிந்து மண்ணில் புதைந்திருந்தால் பழையவை. சுத்தமாக, கூர்மையான விளிம்போடு புல்லின் மேல் கிடந்தால் அண்மையில் விழுந்தவை, அங்கே தங்கக் கூடாது.

அடுத்து கீழே. வறண்ட ஓடைப்படுகையின் மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆசை காட்டும். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை, பத்து கிலோமீட்டர் மேலே பெய்தால் போதும். கரையோரப் புதர்களில் சிக்கிக்கிடக்கும் சருகு, குச்சி, காய்ந்த புல் எந்த உயரத்தில் இருக்கிறதோ, போன வெள்ளம் அதுவரை வந்தது என்று பொருள். புல் நசுங்கி ஒற்றையடியாகத் தெரியும் தடம், புதிய சாணம், குளம்படி, சேற்றில் புரண்ட பள்ளம் கண்ணில் பட்டால் அது விலங்குகளின் வழி. அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாகத் தரை. டென்டை விரிப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் வெறுமனே படுத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரை முதுகுக்கு அப்படித் தெரியாது. இரண்டு நிமிடம் அசையாமல் படுத்தால் தலைக்கு ரத்தம் இறங்குகிறதா, இடுப்புக்கு அடியில் கல் இருக்கிறதா, உடம்பு ஒரு பக்கமாக உருளப் பார்க்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். லேசான சரிவு தப்பில்லை, தலை மேட்டுப் பக்கம் இருந்தால் போதும். பக்கவாட்டுச் சரிவுதான் தூக்கத்தைக் கெடுக்கும். கிண்ணம் மாதிரி நடுவில் குழிந்த தரை காய்ந்திருக்கும்போது சுகம், மழை வந்தால் தொட்டி. சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம் என்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். வெட்டிய மண் அடுத்த மழையில் அரித்துக்கொண்டு போகும், குழிவில் தேங்கும் தண்ணீரை வாய்க்காலும் முழுக்கத் தடுக்காது. நகர்ந்து படுப்பதுதான் வழி. ஏற்கெனவே ஆட்கள் தங்கிப் புல் தேய்ந்த இடம் இருந்தால் அங்கேயே தங்கலாம். பாறை, சரளை, காய்ந்த புல், ஊசியிலைச் சருகு இவையெல்லாம் தாங்கும். பூச்செடியும் ஈரப் புல்லும் ஒரே இரவில் நசுங்கும், எழுந்து நிற்க ஒரு பருவம் ஆகும்.

டென்ட் அடிக்கிறபோது

பின்பக்கம் அல்லது குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், வாசல் காற்று வராத பக்கம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தெளிந்த வானிலையில் பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும், ராத்திரி திரும்பி மலையிலிருந்து கீழே வரும். மாலை நாலு மணிக்கு வீசுகிற காற்றைப் பார்த்து அடித்த டென்டுக்கு நடுராத்திரி எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வரும். அதனால் எந்தப் பக்கமாக இருந்தாலும் எல்லாக் கயிற்றையும் கட்டிவிட வேண்டும். வானம் நன்றாக இருக்கிறதே என்று பையிலேயே விட்ட கயிற்றை ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் ஹெட்லாம்ப் போட்டுக்கொண்டு கட்டுவது கொடுமை.

முளையின் தலை டென்டைவிட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு தரையை ஒட்டிய கழுத்தில் இருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முளை நெம்புகோல் மாதிரி வேலை செய்து மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடும். முளை இறங்காத பாறைத் தரையில் பலர் கயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். காற்றில் கயிறு கல்லின் அடியில் தேய்ந்து அறுந்துபோகும். சரியான முறை இரண்டு கல்: கயிற்றை ஒரு சிறிய கல்லில் அல்லது கட்டை விரல் பருமன் குச்சியில் சுற்றிக் கட்டி, அதற்கு முன்னால், டென்ட் இருக்கிற பக்கம், பெரிய கல்லை வையுங்கள். சிறிய கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும், கயிறு உரசாது. மணலோ பொலபொல மண்ணோ என்றால் ஒரு அடி நீளக் குச்சியைக் குறுக்காகக் கட்டி முழங்கையளவு ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடலாம்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டின் அடிப்பரப்பைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கூரையில் வழிகிற மழை அதில் இறங்கி நேராக உங்கள் அடியில் வந்து தேங்கும். புது டென்ட் ஒழுகுகிறது என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது புகார், மழையே இல்லை, ஆனாலும் உள்ளே நனைந்துவிட்டது. அது மூச்சு. ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் ஒரு டம்ளருக்குக் குறையாது. குளிருகிறதே என்று எல்லாத் திறப்பையும் மூடினால் அது கூரையில் ஒட்டிச் சொட்டும், ஸ்லீப்பிங் பேக் நனையும், மறுநாள் இன்னும் குளிரும். மேல் காற்றோட்டத் திறப்பையும், வாசல் ஜிப்பின் உச்சியில் ஒரு சாணும் எப்போதும் திறந்து வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

பக்கத்தில் ஓடை இல்லாத இடம் என்றால் மாலை முதல் மறுநாள் காலை கிளம்பும்வரை ஒரு ஆளுக்கு 3 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சமைக்க முக்கால், சூடாகக் குடிக்க அரை, ராத்திரியும் காலையும் குடிக்க ஒன்று, காலை உணவுக்கு அரை, கை கழுவவும் பல் தேய்க்கவும் கால். மறுநாள் நடைக்குத் தனி. 3 லிட்டர் 3 கிலோ, அதனால் கடைசித் தண்ணீர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் முன்பே பார்த்து அங்கே நிரப்பிக்கொண்டு மீதித் தூரம் மட்டும் சுமப்பது நல்லது. வரைபடத்தில் விட்டுவிட்ட கோடாக, அதாவது துண்டு துண்டாக, வரைந்திருக்கும் ஓடை எல்லா மாதமும் ஓடாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பனி உருகி வரும் ஓடை விடிகாலையில் வற்றியும் தெளிந்தும் இருக்கும், பிற்பகலிலும் மாலையிலும் பெருகிக் கலங்கும். கடக்க வேண்டியதைக் காலையில் கடப்பதும், பிடிக்க வேண்டியதைக் காலையில் பிடிப்பதும் லாபம்.

எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். மேலே ஒரு விலங்கு செத்துக் கிடந்தால் கீழே தெரியாது. கொதிக்க வைப்பது எல்லாக் கிருமிக்கும் வேலை செய்யும்: தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 3000 மீட்டரில் சுமார் 90 டிகிரிதான். பருப்பும் அரிசியும் வேக மறுப்பதும் இதனால்தான், அங்கே ஊறவைத்தாலே ஆகிவிடும் உணவைத்தான் கொண்டுபோக வேண்டும்.

0.1 மைக்ரான் அளவு துளையுள்ள ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. குளோரின் வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. மேலே வீடோ மேய்ச்சலோ இருந்தால் இரண்டையும் செய்யுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள். குளோரின் மாத்திரை இல்லாமல், வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத வீட்டு பிளீச்தான் இருக்கிறது என்றால் லிட்டருக்கு 2 சொட்டு, கலக்கி அரை மணி நேரம். தண்ணீர் கலங்கலாகவோ சில்லென்றோ இருந்தால் சொட்டை இரட்டிப்பாக்கி நேரத்தையும் கூட்டுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் பாத்திரத்தில் தெளியவிட்டு, துணியில் வடித்த பிறகே ஃபில்டரில் விட வேண்டும், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

இழை வகை ஃபில்டர் நனைந்த பிறகு ஒரு தடவை உறைந்தால் முடிந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய குழல்கள் விரிசல் விடும், வெளியே எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், வடிகட்டத்தான் செய்யாது. உறைபனி வரலாம் என்கிற ராத்திரியில் அதை உதறி, ஜிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போன், பவர் பேங்க், ஹெட்லாம்ப் பேட்டரி எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும்.

குழி

பேசக் கூச்சப்படுவதால் மலம் கழிக்கும் விஷயத்தைத்தான் எல்லாரும் மோசமாகச் செய்கிறார்கள். அவசரம் வருவதற்கு முன்னால், டென்ட் அடித்த கையோடு, வெளிச்சத்தில் இடம் பார்த்துக் குழியும் தோண்டிவிடுவது நல்லது. தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர். மழை பெய்தால் தண்ணீர் ஓடும் தாழ்வில் வேண்டாம். மண் தோண்டும் கைக்கரண்டியில் நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அது முழுக்கப் புதையும் ஆழம்தான் குழியின் ஆழம். 20 வரை போகலாம். அகலம் 10 முதல் 15. மேல்தோலைப் புல்லோடு வட்டமாக வெட்டி ஒரு பக்கம் எடுத்துவைத்து, பிறகு மண்ணை எடுங்கள். கறுத்த, வேர் ஓடிய மேல்மண்ணில்தான் மக்கவைக்கும் உயிர்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே மஞ்சள் மண் வரும்வரை தோண்டினால் மக்காது, கல்லுக்கடியில் ஒளித்துவைத்தால் சுத்தமாக மக்காது.

தண்ணீரால் கழுவுகிறவர்களுக்கு அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியைச் சூடாக்கி நாலைந்து துளை போட்டால் போதும், அமுக்கினால் பீய்ச்சும். கழுவும் தண்ணீரும் குழிக்குள்ளேயே விழ வேண்டும். காகிதம் பயன்படுத்தினால் திரும்பக் கொண்டுவர வேண்டும். எரிக்கப் போய்க் காட்டில் தீ பிடித்த கதைகள் உண்டு, புதைத்தால் விலங்கு தோண்டி எடுத்துப் பரப்பும். ஈரத் துடைப்பானும் நாப்கினும் எந்த மண்ணிலும் மக்காது. இரட்டை ஜிப் பை, வெளிப்பையைச் சுற்றி ஒளிபுகாத டேப், உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த தேயிலைத்தூள் அல்லது சமையல் சோடா போட்டால் நாற்றம் வராது. மரக்கோட்டுக்கு மேலே, அதாவது மரம் வளராத உயரத்தில், மண்ணே இல்லாத பாறைவெளியில், மலத்தையும் அப்படியேதான் எடுத்துவர வேண்டும். அதற்கென்று விற்கும் பைகளில் ஈரத்தைக் கட்டியாக்கும் தூள் இருக்கும்.

சிறுநீரைச் செடி மேல் விடாமல் பாறை மேலோ சருகு மேலோ விடுங்கள். உப்புக்காக விலங்குகள் செடியைப் பிடுங்கி மண்ணைத் தோண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓடையைத் திட்டுவது வழக்கம். பல நேரம் காரணம் கை. ஆல்கஹால் ஜெல் நோரோவைரஸிடம் சரியாக வேலை செய்யாது, அதனால் குழியிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், ஓடையிலிருந்து தள்ளி நின்று. மக்கும் சோப்பு என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது மண்ணில் மக்குவதற்கு, ஓடையில் கலப்பதற்கு இல்லை. ஒரே பொட்டலத்தில் எல்லாரும் கைவிட்டு எடுப்பதை நிறுத்தி, கையில் கொட்டிக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

அடுப்பும் நெருப்பும்

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, மூடி போட்டு, காற்று மறைத்து, 12 முதல் 15 கிராம் கேஸ் போகும். ஒரு ஆளுக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு மூன்று நாளுக்கு 180 கிராம், 230 கிராம் சிலிண்டர் போதும். பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். புதுச் சிலிண்டரை எடை போட்டு அடியில் மார்க்கரில் எழுதி வைத்தால், அடுத்த தடவை எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

குளிரில் ஸ்டவ் சோம்புவதற்குக் காரணம் கேஸின் வகை. சாதா பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை, புரொப்பேன் மைனஸ் 42 வரை. அதனால் குளிர் இடத்துக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த சிலிண்டர். காலையில் வேலை செய்யவில்லை என்றால் ஜாக்கெட்டுக்குள் பத்து நிமிடம் வைத்து எடுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் தட்டில் நிறுத்துங்கள். சிலிண்டரையும் பர்னரையும் சேர்த்துச் சுற்றிலும் தகடு மறைப்பு வைப்பது ஆபத்து, சிலிண்டர் சூடேறி வெடிக்கலாம். மறைப்பு காற்று வரும் பக்கம் மட்டும் இருக்கட்டும், சிலிண்டரை அடிக்கடி தொட்டுப் பாருங்கள், கை பொறுக்கும் சூட்டைத் தாண்டினால் அணைத்துவிடுங்கள். டென்டுக்குள் எரிக்கவே வேண்டாம். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடுதான் மோசம், அது வாசனை இல்லாமல் தூங்க வைத்துவிடும்.

நெருப்பு மூட்டும் விஷயத்தில் எங்கள் எண்ணம், பெரும்பாலான இரவுகளில் அது தேவையில்லை. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், முன்பக்கம் சுடும், முதுகு குளிரும், ஜாக்கெட்டில் பொறி பட்டு ஓட்டை விழும். தடை இல்லாமல், காற்றும் இல்லாமல், ஏற்கெனவே நெருப்பு மூட்டிய கல்வட்டமும் இருந்தால் மூட்டலாம். விழுந்து காய்ந்த, மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போகாத, கையால் ஒடிகிற விறகு மட்டும். ஓடையிலிருந்து எடுத்த கல்லைச் சுற்றி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்தி, சாம்பலாக விட்டு, தண்ணீர் ஊற்றி, குச்சியால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோய் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மண்ணைப் போட்டு மூடினால் அணைந்த மாதிரித்தான் இருக்கும். அடியில் வேர் கனன்றுகொண்டே போய் நாள் கழித்து வேறு இடத்தில் பிடிக்கும்.

வாசனை உள்ளதெல்லாம் உணவு

சமைக்கும் இடம், உணவு வைக்கும் இடம், படுக்கும் இடம் மூன்றும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று 60 மீட்டராவது தள்ளி, டென்ட் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். உணவு என்றால் பற்பசை, சோப்பு, லிப் பாம், குப்பைப் பை எல்லாம் சேர்த்துத்தான். தொங்கவிடுவதென்றால் தரையிலிருந்து 4 மீட்டர், அடிமரத்திலிருந்து 2 மீட்டர். மெல்லிய கயிறு கிளையை அறுக்கும், கொஞ்சம் பருமனாகவே எடுங்கள். கல்லைக் கயிற்றில் கட்டிக் கிளைக்கு மேல் எறியும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பாதித் தடவை அது திரும்பித்தான் வரும். குரங்குக்கும் தேர்ந்த கரடிக்கும் இந்தத் தொங்கல் ஒரு தடையே இல்லை. அவை இருக்கும் இடத்தில் கெட்டியான பூட்டு டப்பாதான் வேலைக்காகும்.

ஆனால் ராத்திரியில் நஷ்டம் செய்பவை பெரும்பாலும் எலி. பையின் ஜிப்பை மூடிவைத்தால் உள்ளே இருக்கும் ஒரு மிட்டாய்க்காகத் துணியைக் கடித்துத் துளை போடும். காலிப் பையை எல்லா ஜிப்பும் திறந்த நிலையில் வைத்தால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போய்விடும். வியர்வை உப்புக்காக நடைக்கோலின் பிடியையும் பூட்ஸையும் கடிப்பதும் உண்டு. பூட்ஸை டென்டின் முன்திண்ணையில் கவிழ்த்து வைத்து, காலையில் உதறிவிட்டுத்தான் கால் விட வேண்டும்.

குளிர்

1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவார ஊரின் இரவு வெப்பம் 18 என்றால் 2000 மீட்டர் மேலே 5, காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்தால் இன்னும் கீழே. இதை வைத்து ஸ்லீப்பிங் பேக்கைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்று எண் போட்டிருக்கும், பார்க்க வேண்டியது சௌகரிய எண் மட்டும். கடைசியில் பெரிதாகப் போட்டிருக்கும் மைனஸ் எண் சாகாமல் இருப்பதற்கானது, தூங்குவதற்கு இல்லை.

பேக்கை மாற்றிக்கொண்டே இருந்தும் குளிருகிறது என்பவர்கள் அடியில் என்ன விரிக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். படுத்த உடம்பின் எடையில் பேக்கின் அடிப்பஞ்சு நசுங்கிப்போகும், அப்புறம் தரைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது மேட், அதாவது அடியில் விரிக்கும் படுக்கை, மட்டும்தான். மேட்டின் ஆர் மதிப்பு (தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்கிற எண்) கோடைக்கு 2, உறைபனிக்கு 4க்கு மேல். மதிப்புகள் கூடும், அதனால் காற்று மேட்டின் அடியில் ஒரு ஃபோம் மேட் போட்டால் இரண்டும் சேரும், காற்று மேட் ஓட்டையானாலும் ராத்திரி முழுக்கத் தரையில் கிடக்க வேண்டாம்.

நடந்து வியர்த்த உடுப்போடு படுக்காதீர்கள். தூங்க மட்டும் ஒரு ஜோடி உடுப்பும் சாக்ஸும் நீர்புகாப் பையில் தனியாக இருக்கட்டும், அதை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடக் கூடாது. கெட்டிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்து, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் பல மணி நேரம் சூடு தாங்கும், காலையில் உறையாத குடிநீரும் ஆகும். மூச்சைப் பேக்குக்குள் விடாமல் மூக்கு வெளியே இருக்கட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் குளிருதே என்று அடக்காமல் போய்விட்டு வாருங்கள், அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது.

உடல் வெப்பம் இறங்குவது உறைபனியில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. 5, 10 டிகிரியில் நனைந்த உடுப்பும் காற்றும் போதும். முதலில் நடுக்கம், பிறகு ஜிப் போட முடியாத விரல்கள், குழறும் பேச்சு, தடுமாறும் நடை. ஒன்றுமில்லை, விடு என்று அந்த ஆளே சொல்வார், நம்பாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, படுக்கும் மேட்டின் மேல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் தள்ளி, விழிப்பாக இருந்தால் இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். அப்போது அந்த ஆளை நடக்க விடாமல், அதிகம் அசைக்காமல், வெளியிலிருந்து உதவியை அழைக்க வேண்டும்.

2500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் வேறு காரணம் உறுதியாகும்வரை உயரநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறாதீர்கள். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்லி, தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியக் காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும். 3000-க்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டிலும் தனிமரத்தடியிலும் திறந்த புல்வெளியிலும் இருக்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். டென்ட் மின்னலிலிருந்து காப்பாற்றாது.

கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவை: எந்தப் பாதை, எங்கே தங்கல், எத்தனை பேர், எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசியாகச் சொன்ன நேரம் இல்லாவிட்டால் அந்தக் காகிதம் வீண், ஏனென்றால் எப்போது கவலைப்பட ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது. சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும் இடத்தில் அழைப்பு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். விசில் ஆளுக்கு ஒன்று, கழுத்தில். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். டார்ச்சாலும் இதையே செய்யலாம். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் தருவார்.

காலையில் டென்டின் வெளித்துணியை முதலில் உதறி வெயிலில் போட்டுவிட்டுச் சமைக்க உட்காருங்கள், குடித்து முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துணியில் வடித்து, பருக்கையைக் குப்பைப் பையில் போட்டு, தண்ணீரை முகாமிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளிப் போய் வீசித் தெளியுங்கள். முளைகளைப் பிடுங்கும்போதே எண்ணிப் பையில் போட வேண்டும். பச்சை, பழுப்பு நிற முளையைப் புல்லில் தேடுவது பெரும்பாடு, அதனால் தலையில் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். பைகளை எல்லாம் தோளில் மாட்டியானதும் ஒருவர் மட்டும் பையில்லாமல் டென்ட் இருந்த இடத்தைச் சுற்றிக் குனிந்தபடி நடக்கட்டும். நிமிர்ந்து பார்த்தால் தெரியாத கிழிந்த பொட்டல மூலை, கயிற்றுத் துண்டு, பாட்டில் மூடியின் வளையம் எல்லாம் குனிந்தால்தான் தெரியும். நசுங்கிய புல்லைக் குச்சியால் எதிர்ப்பக்கம் வருடி நிமிர்த்திவிட்டு, முளைத் துளைகளைக் காலால் அழுத்தி மூடியதும் கிளம்பலாம்.